பெயர் அழிந்த டார்க் கன்வெர்ட்டர்: மாடலை அளந்து கண்டறிவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகே வசிக்கிறேன். பதின்மூன்று வயதாகும் என் மகளுக்காகப் பழைய இரட்டை இருக்கை கோ-கார்ட் ஒன்றை வாங்கினேன். அதில் ஹோண்டா ஜிஎக்ஸ்200-ஐப் போன்ற 6.5 குதிரைத்திறன் என்ஜின் இருக்கிறது. என்ஜினின் பக்கவாட்டில் ஒரு கறுப்புத் தகடும், அதன்மேல் இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் உள்ளன. வாங்கிய சில நாட்களிலேயே பெல்ட் அறுந்துவிட்டது. கார் உதிரிபாகக் கடையில் ஏறக்குறைய அதே நீளத்தில் ஒரு பெல்ட் வாங்கிப் போட்டேன். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால்தான் வண்டி நகர்ந்தது, ரப்பர் கருகும் நாற்றமும் வந்தது. கோ-கார்ட் பாகங்கள் விற்பவரிடம் கேட்டால் டார்க் கன்வெர்ட்டரின், அதாவது இந்தப் புல்லி-பெல்ட் அமைப்பின், மாடல் என்ன என்கிறார். எங்கும் பெயர் இல்லை; பழைய பெல்ட்டிலும் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. டேப்பால் அளந்ததில் என்ஜின் ஷாஃப்ட் முக்கால் அங்குலம், பின்புறப் புல்லி ஆறு அங்குலம், அறுந்த பெல்ட்டின் அகலம் பதினேழரை மில்லிமீட்டர். படங்களை இணைத்துள்ளேன். மாடலை எப்படிக் கண்டுபிடிப்பது? அல்லது மொத்தமாக மாற்றிவிடலாமா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் படங்களையும் நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்களிடம் இருப்பது காமெட் நிறுவனத்தின் டிஏவி2 என்ற அமைப்பாகவோ, அதை அப்படியே பின்பற்றிச் செய்யப்பட்ட நகலாகவோ இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். இந்த அமைப்பிலுள்ள இரண்டு புல்லிகளையும் தொழிலில் ‘30 தொடர்’ என்பார்கள். அதற்குரிய பெல்ட்டின் எண் காமெட் 203589. மான்கோ என்ற நிறுவனத்தின் கார்ட்டுகளுக்கான பட்டியலில் அதே பெல்ட் 5959 என்ற எண்ணில் வரும். ஆனால் படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். பெல்ட்டின் குறுக்குவெட்டு வடிவம், என்ஜின் ஷாஃப்ட்டின் விட்டம், இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகிய மூன்றையும் உறுதி செய்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். அவற்றை எப்படிப் பார்ப்பது என்று கீழே விளக்குகிறேன்.

பெயரைத் தேடி நீங்கள் செலவிட்ட நேரம் பெரும்பாலும் வீண்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காமெட் நிறுவனம் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் இயங்கியது. உங்கள் ஊரிலிருந்து மேற்கே நெடுஞ்சாலை 70-இல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை; பெயரும் உதிரிபாகங்களும் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள சர்டிஃபைட் பார்ட்ஸ் கார்ப்பரேஷன் வசம் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் சீனத் தொழிற்சாலைகள் டிஏவி2-ஐ அளவு பிசகாமல் நகலெடுத்துச் சந்தையை நிரப்பிவிட்டன. அவற்றுள் பலவற்றில் பெயரே இருப்பதில்லை. இருந்தாலும் அது விற்றவரின் பெயராகத்தான் இருக்கும். உண்மையான காமெட்டாக இருந்தாலும் ஒட்டியிருந்த தாள் வெப்பத்தில் உரிந்துபோயிருக்கும். புல்லியின் வார்ப்பில் ஏதேனும் எண் புடைத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அது அந்த ஒரு வார்ப்புத் துண்டின் எண்ணாக இருக்குமே தவிர, முழுத் தொகுதியின் மாடல் எண்ணாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வார்ப்பு எண்ணைக் கொடுத்துப் பாகம் வாங்கித் தவறான பெட்டியைப் பெற்றவர்கள் எத்தனையோ பேர். கடைக்காரர் மாடல் கேட்பது தன் பட்டியலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரிந்துகொள்வதற்காக. சரியான அளவுகளைக் கொடுத்தாலும் அவர் அதே பக்கத்துக்குத்தான் வந்து சேருவார்.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்று மட்டும் தேடினால், கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் பாகம்தான் முதலில் வந்து நிற்கும். உங்கள் வண்டியில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இது பெல்ட்டால் இயங்கும் தொடர் மாறு கியர். நம் ஊரில் கைனடிக் ஹோண்டா கொண்டுவந்து, பின்னர் ஸ்கூட்டியும் ஆக்டிவாவும் பரப்பிய அதே தத்துவம். அதனால் கோ-கார்ட் என்ற சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.

முதலில், இது வேறொன்றாக இருக்க வாய்ப்பில்லை என்பதைத் தீர்த்துவிடலாம். கோ-கார்ட்டுகளில் என்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகும் வழிகள் பொதுவாக மூன்று. என்ஜின் ஷாஃப்ட்டிலேயே சிறிய ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) பொருந்திய உருளை ஒன்று இருந்து, அதிலிருந்து செயின் நேராகப் பின் அச்சுக்குப் போனால், அது மையவிலக்கு கிளட்ச்; அங்கே பெல்ட்டே இருக்காது. ஸ்கூட்டரின் என்ஜினைப் போல இடப்புறம் நீளமான அலுமினிய மூடி இருந்து, பெல்ட் அதற்குள்ளே மறைந்திருந்தால், அது ஜிஒய்6 வகை 150 சிசி என்ஜின். அதற்கான பெல்ட்டுகள் 743-20-30, 835-20-30, 842-20-30 என்பன போன்ற எண்களில் வரும். முதல் எண் மில்லிமீட்டரில் நீளம், அடுத்தது அகலம், கடைசியில் உள்ளது பாகையில் கோணம். அந்தப் பெல்ட் உங்கள் வண்டிக்கு எவ்விதத்திலும் பொருந்தாது. மூன்றாவது வழிதான் உங்களுடையது: பொதுப் பயன்பாட்டு என்ஜினின் ஷாஃப்ட்டில் ஒரு புல்லி, சற்றுத் தள்ளி ஒரு குறுக்கு ஷாஃப்ட்டில் இன்னொரு புல்லி, அந்தக் குறுக்கு ஷாஃப்ட்டின் மறுமுனையில் செயினுக்கான ஸ்பிராக்கெட். குறுக்கு ஷாஃப்ட்டை இங்கே ஜாக்‌ஷாஃப்ட் என்பார்கள். உங்கள் படத்தில் தெரியும் கறுப்புத் தகடு என்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, ஜாக்‌ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தத் தகடு இருப்பதே டிஏவி2 வகையின் மிக வலுவான அடையாளம்.

இனி அளவுகளுக்கு வருவோம். புல்லிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்தால், எதை ஏன் அளக்கச் சொல்கிறேன் என்பது விளங்கும். என்ஜின் பக்கத்துப் புல்லி இரண்டு தட்டுகளால் ஆனது. என்ஜினை ஒட்டிய தட்டு அசையாது, வெளிப்புறத் தட்டு நகரும். என்ஜின் வேகம் கூடும்போது உள்ளேயிருக்கும் எடைகள் வெளியே விரிந்து, நகரும் தட்டை உள்நோக்கித் தள்ளுகின்றன. தட்டுகள் நெருங்க நெருங்கப் பெல்ட் மேலேறி, அந்தப் புல்லியின் செயல்விட்டம் பெரிதாகிறது. பின்புறப் புல்லியில் ஒரு ஸ்பிரிங்கும் சரிவான கேமும் இருக்கின்றன. அங்கே தட்டுகள் விலகிப் பெல்ட் உள்ளே இறங்குகிறது. டிஏவி2-வில் என்ஜினின் சுற்றுக்கும் பின்புறப் புல்லியின் சுற்றுக்கும் உள்ள விகிதம் புறப்படும்போது ஏறத்தாழ 2.7-க்கு 1 ஆகவும், முழு வேகத்தில் ஏறத்தாழ 0.9-க்கு 1 ஆகவும் இருக்கும். இவ்வளவு மாற்றத்தையும் செய்வது பெல்ட்டின் பக்கவாட்டு முகங்கள்தான். ஆகவே அந்த முகங்களின் சரிவும் புல்லித் தட்டுகளின் சரிவும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்த வேண்டும்.

மாடலைப் பிரித்துக் காட்டும் முக்கியமான சோதனை இந்தச் சரிவில்தான் இருக்கிறது. காமெட்டின் 20 தொடருக்கும் 30 தொடருக்கும் பெல்ட்டின் மேலகலம் ஒன்றுதான், முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். அகலத்தை மட்டும் சொன்னால் இரண்டில் எது வேண்டுமானாலும் வந்து சேரலாம். வேறுபாடு குறுக்குவெட்டில் இருக்கிறது. 20 தொடரின் பெல்ட் சமச்சீரானது. இருபக்கமும் ஒரே அளவில் உள்நோக்கிச் சரியும். 30 தொடரின் பெல்ட் சமச்சீரற்றது. ஒரு பக்கம் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க, மறுபக்கம் மட்டும் நன்றாகச் சரிந்திருக்கும். சரிவு ஒரு பக்கம் மட்டும் இருப்பதால், புல்லியின் செயல்விட்டம் எவ்வளவு மாறினாலும் பெல்ட் பக்கவாட்டில் நகராமல் ஒரே தளத்தில் ஓடுகிறது; இடம் குறைந்த சிறிய வண்டிகளுக்கு இது ஏற்ற வடிவமைப்பு.

அறுந்த பெல்ட்டின் நல்ல பகுதி ஒன்றைக் கூர்மையான கத்தியால் நேர்க்குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். வரைந்த உருவத்தில் ஒரு பக்கக் கோடு மேல்கோட்டோடு ஏறக்குறைய செங்கோணத்தில் நின்றால் 30 தொடர். இரு கோடுகளும் சமமாகச் சரிந்தால் 20 தொடர். பெல்ட் மிகவும் தேய்ந்து உருமாறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். அப்போது புல்லியையே பாருங்கள்: என்ஜின் பக்கத்துப் புல்லியின் உள்தட்டின்மேல், அதாவது என்ஜினை ஒட்டிய அசையாத தட்டின்மேல், ஒரு சிறு எஃகு அளவுகோலை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வையுங்கள். அந்தத் தட்டு ஷாஃப்ட்டுக்குக் கிட்டத்தட்ட நேர்க்குத்தாகத் தட்டையாக இருந்து, எதிரேயுள்ள தட்டு மட்டும் கூம்பாகச் சரிந்திருந்தால் ஐயத்துக்கு இடமில்லை, அது 30 தொடர். என் கருத்தில் பெல்ட்டைப் பார்ப்பதைவிடப் புல்லியைப் பார்ப்பதே நம்பகமானது, ஏனென்றால் முன்பு வைத்திருந்தவரும் தவறான பெல்ட்டைப் போட்டு ஓட்டியிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது அதிலிருக்கும் பெல்ட்டே சரியான பெல்ட் என்று எண்ணிவிடுகிறோம். அதை ஒரு சாட்சியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அளந்த பதினேழரை மில்லிமீட்டரைப் பற்றி ஒரு சொல். பெல்ட் தேயத் தேய அகலம் குறையும். முக்கால் அங்குலமாகத் தொடங்கிய பெல்ட் ஒன்றரை மில்லிமீட்டர் தேய்ந்து உங்கள் அளவுக்கு வருவது இயல்பு. அடுத்த பெரிய வகையான 40 தொடரின் பெல்ட் எட்டில் ஏழு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 22.2 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அது உங்கள் அளவுக்குத் தேய வேண்டுமானால் நாலரை மில்லிமீட்டருக்கு மேல் இழந்திருக்க வேண்டும்; அதற்கு வெகு முன்பே உள்ளிருக்கும் இழைகள் வெளியே தெரிந்திருக்கும். மேலும் 40 தொடர் பெரிய என்ஜின்களுக்கானது. ஆகவே அதை விட்டுவிடலாம். பொதுவாகத் தேய்ந்த பெல்ட்டை அளக்கும்போது பல இடங்களில் அளந்து, மிகக் குறைவாகத் தேய்ந்த இடத்தின் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது என்ஜின் ஷாஃப்ட். டேப்பால் அளந்து முக்கால் அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஓரிடத்தில் டேப் போதாது. ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 வகை என்ஜின்கள் முக்கால் அங்குல ஷாஃப்ட்டோடும் வருகின்றன, 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டோடும் வருகின்றன. அமெரிக்கச் சந்தையில் விற்பவற்றில் பெரும்பாலும் முக்கால் அங்குலம்தான். பிற நாடுகளில் 20 மில்லிமீட்டர் அதிகம். 19.05-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முக்கால் அங்குலத் துளையுள்ள புல்லி 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் ஏறவே ஏறாது. எளிய வெர்னியர் காலிப்பர் ஒன்றை வாங்கி ஷாஃப்ட்டை அளந்துவிடுங்கள். முக்கால் அங்குல ஷாஃப்ட்டில் சாவிப்பள்ளம் (புல்லியைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) 4.76 மில்லிமீட்டர், அதாவது பதினாறில் மூன்று பங்கு அங்குல அகலமிருக்கும்; முனையிலுள்ள மரை 5/16-24 என்ற அங்குல மரையாக இருக்கும். எம்8 மரை (எட்டு மில்லிமீட்டர் மரை) போட்ட போல்ட் தடையில்லாமல் உள்ளே போனால் அது பெரும்பாலும் மில்லிமீட்டர் ஷாஃப்ட் என்று கொள்ளலாம். இரண்டு போல்ட்டுகளும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தோன்றுவதால், எதையும் வலிந்து திருகாதீர்கள். ஷாஃப்ட்டின் மரை கெட்டால் அதைச் சரிசெய்யும் செலவு இந்த வண்டிக்குக் கட்டுபடியாகாது. ஷாஃப்ட் 25.4 மில்லிமீட்டராக, அதாவது ஓர் அங்குலமாக இருந்தால் அது ஜிஎக்ஸ்390 போன்ற பெரிய என்ஜின். உங்களுடையது அதுவல்ல என்பது படத்திலேயே தெரிகிறது.

பின்புறப் புல்லியை நீங்கள் ஆறு அங்குலம் என்று அளந்தது டிஏவி2-வுக்குப் பொருந்துகிறது. 30 தொடரில் ஏழு அங்குலப் புல்லியும் உண்டு என்பதால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை நடுவழியாக மீண்டும் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. ஜாக்‌ஷாஃப்ட் டிஏவி2-வில் எட்டில் ஐந்து பங்கு அங்குலம், 15.9 மில்லிமீட்டர். பெல்ட் வாங்குவதற்கு இந்த அளவு தேவையில்லை. பின்னாளில் பின்புறப் புல்லியைத் தனியாக மாற்ற நேர்ந்தால் தேவைப்படும்.

என்ஜின் ஷாஃப்ட்டின் நடுப்புள்ளியிலிருந்து ஜாக்‌ஷாஃப்ட்டின் நடுப்புள்ளி வரையுள்ள தூரத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளிகளைக் குறி வைத்து அளப்பது கடினமாகத் தோன்றினால், இரண்டு ஷாஃப்ட்டுகளின் வெளிப்பக்கங்களுக்கு இடையிலான மொத்தத் தூரத்தை அளந்து, அதிலிருந்து இரண்டு விட்டங்களின் பாதிகளையும் கழித்துவிடுங்கள். இந்த அளவு ஏன் வேண்டும் என்றால், 30 தொடர் புல்லிகளைத் தகடு இல்லாமல் வண்டியின் சட்டத்திலேயே தொலைவில் பொருத்திய தயாரிப்பாளர்களும் உண்டு. அவற்றுக்காக அதே குறுக்குவெட்டில் வெவ்வேறு நீளப் பெல்ட்டுகள் விற்கப்படுகின்றன. 203589 என்பது தகட்டோடு வரும் டிஏவி2-வுக்கு உரியது. தகடு இருப்பதால் இந்தத் தூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ உங்களால் முடியாது. ஆகவே பெல்ட்டின் நீளத்தில் ‘ஏறக்குறைய’ என்பதற்கே இடமில்லை.

நீங்கள் போட்ட கார் பெல்ட் ஏன் கருகியது என்பது இப்போது விளங்கியிருக்கும். அந்த வகை வி-பெல்ட்டுகள் இருபக்கமும் சமமாகச் சரிந்தவை, அகலமும் குறைவு. தொழிற்சாலைகளில் பயன்படும் ஏ பிரிவுப் பெல்ட்டின் மேலகலம் அரை அங்குலம், பி பிரிவுக்குச் சற்றேறக்குறைய பதினேழு மில்லிமீட்டர். உங்கள் அளவோடு பி பிரிவு ஒத்துப்போவது போலத் தோன்றுவதுதான் இதில் பலரும் விழும் குழி. தட்டையான தட்டுக்கு எதிரே சரிந்த முகத்தை வைத்தால் மேல் ஓரம் மட்டுமே உராயும். விசையைப் பிடித்துக்கொள்ளப் பரப்பு போதாது. பெல்ட் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கல் வெப்பமாக மாறும். தவிர, நிலையான விட்டமுள்ள புல்லிகளுக்காகச் செய்யப்பட்ட பெல்ட், ஒவ்வொரு முறையும் வண்டி நின்று புறப்படும்போது வழுக்கிப் பிடிக்கும் வேலைக்காகச் செய்யப்பட்டதன்று. நல்ல வேளையாக உடனே நிறுத்திவிட்டீர்கள். புல்லித் தட்டுகளில் கருகிய ரப்பர் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். புதிய பெல்ட்டைப் போடும் முன் பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் அதை முழுவதும் துடைத்தெடுங்கள். படலம் இருக்கும்போதே புதுப் பெல்ட்டைப் போட்டால் அதுவும் வழுக்கும், பிறகு பெல்ட்டின் மேல் குற்றம் சொல்வோம்.

மொத்தத் தொகுதியையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகல் தொகுதிகள் மலிவாகக் கிடைப்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பே. இருந்தாலும் முதலில் பழையதைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்வதே முறை என்பேன். பெல்ட் இல்லாத நிலையில், என்ஜின் பக்கத்துப் புல்லியின் நகரும் தட்டைக் கையால் உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். அது சிக்காமல் நகர வேண்டும், அதே சமயம் ஷாஃப்ட்டின் மேல் அதிகமாக ஆடவும் கூடாது. நடுவிலுள்ள வெண்கலப் புஷ் தேய்ந்திருந்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும். பின்புறப் புல்லியின் வெளித்தட்டை முறுக்கி விலக்கினால், விட்டவுடன் ஸ்பிரிங் அதைத் திரும்ப மூட வேண்டும். கேமின் சரிவில் ஏறி இறங்கும் மூன்று சிறிய பிளாஸ்டிக் பொத்தான்கள் உடைந்தோ தட்டையாகத் தேய்ந்தோ போயிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றைத் தனியாகவே வாங்க முடியும். தட்டுகளின் உராயும் முகத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் அந்தப் புல்லியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தச் சோதனைகளில் தேறிவிட்டால் பெல்ட் ஒன்றே போதும். பழைய காமெட் புல்லியின் உலோகமும் புஷ்ஷும் இன்றைய மலிவு நகல்களுள் பலவற்றைவிடத் தரமானவை என்பது என் மதிப்பீடு. நகலில் பாகங்களின் அளவு பொருந்தும்; ஸ்பிரிங்கின் இறுக்கமும் புஷ்ஷின் தரமும் பெட்டிக்குப் பெட்டி மாறும். இரண்டு புல்லிகளும் கெட்டிருந்தால் மட்டும் முழுத் தொகுதியாக வாங்குங்கள். அப்போது ஷாஃப்ட் விட்டத்தோடு செயினின் அளவையும் சொல்ல வேண்டும். செயினில் ஒரு ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடு வரை 9.5 மில்லிமீட்டர் இருந்தால் அது 35 எண் செயின், 12.7 மில்லிமீட்டர் இருந்தால் 40, 41, 420 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. தொகுதியோடு வரும் ஸ்பிராக்கெட் முதல் வகைக்குப் பொதுவாகப் பன்னிரண்டு பற்களோடும், இரண்டாம் வகைக்குப் பத்துப் பற்களோடும் இருக்கும்.

பொருத்தும்போது சில செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் புல்லியில் கை வைக்க வேண்டும். ஷாஃப்ட் முனையிலுள்ள போல்ட்டைத் திருகும்போது என்ஜினும் சேர்ந்து சுழலும். அதைத் தடுக்கப் பிளக்கைக் கழற்றி, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் அமுக்க வீச்சில் பிஸ்டன் மேலேறும் வேளையில், பிளக் துளை வழியாகச் சுத்தமான பருத்திக் கயிற்றை உள்ளே திணித்துவிடுவது பழைய பட்டறை வழக்கம். கயிற்றின் ஒரு முனை எப்போதும் வெளியே இருக்க வேண்டும். ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டுப் பிஸ்டனைத் தடுக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

டிஏவி2-வில் பெல்ட்டின் தட்டையான பக்கம் என்ஜினை நோக்கியும் சரிந்த பக்கம் வெளியே உங்களை நோக்கியும் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் பெல்ட் உட்கார்ந்துவிடும் என்பதுதான் தொல்லை. ஓட்டிப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே கண்ட அதே நாற்றம் மறுபடி வரும். சரியாகப் போட்டபின் வண்டி நிற்கும் நிலையில், பின்புறப் புல்லியில் பெல்ட்டின் மேல்பரப்பு புல்லி விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். விளிம்புக்குக் கீழே இறங்கி நின்றால் பெல்ட் அகலம் குறைந்தது அல்லது நீளம் குறைந்தது என்று பொருள். அதோடு ஓட்டாமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெயோ கிரீஸோ எந்தத் தட்டிலும் படக் கூடாது. நகரும் தட்டின் புஷ்ஷுக்கு உலர் மசகு மட்டும் சிறிதளவு போதும்.

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில், என்ஜின் நிமிடத்துக்கு 1400 சுற்று என்ற அளவை ஒட்டி ஓட வேண்டும். அதற்கு மிகவும் மேலே போனால், நிற்கும்போதும் புல்லி பெல்ட்டைப் பிடிக்கத் தொடங்கி, பிரேக்கை அழுத்தியிருக்கையிலேயே வண்டி முன்னே இழுக்கும். பெல்ட்டும் வீணாக உராயும். உங்கள் மகளிடம் ஆக்சிலரேட்டரைத் தயங்கித் தயங்கி அழுத்தாமல், புறப்படும்போது சீராக அழுத்திப் பெல்ட் முழுவதும் பிடித்த பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கொடுங்கள். மேட்டில் வண்டி ஏறாமல் திணறினால் அழுத்திக்கொண்டே நிற்கக் கூடாது. உங்கள் படத்தில் பெல்ட்டின் மேல் மூடி காணவில்லை. கழற்றி வைத்திருந்தால் மறுபடி பூட்டுங்கள். தொலைந்திருந்தால் பெல்ட் வாங்கும் அதே நாளில் மூடியையும் வாங்குங்கள். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் புல்லி, இருக்கைக்கு எட்டிய தூரத்தில் திறந்து கிடக்கையில், பின்னலோ துப்பட்டாவோ தளர்ந்த சட்டை நுனியோ போய் மாட்ட ஒரு கணம் போதும். மூடி இல்லாத வண்டியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கடைக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: ‘30 தொடர், டிஏவி2 வகை, பின்தகட்டோடு கூடியது; என்ஜின் ஷாஃப்ட் முக்கால் அங்குலம்; பின்புறப் புல்லி ஆறு அங்குலம்; மேலகலம் முக்கால் அங்குலமுள்ள சமச்சீரற்ற பெல்ட், காமெட் 203589 அல்லது அதற்கு நிகரானது.’ அத்துடன் மைய தூரத்தையும் குறிப்பிட்டுவிடுங்கள். ஒருவேளை அளவுகோல் சோதனையில் புல்லியின் இரு தட்டுகளும் சமமாகச் சரிந்திருப்பது தெரிந்தால், மேலே சொன்ன எண்ணை மறந்துவிடுங்கள். அப்போது உங்களிடம் இருப்பது 20 தொடராகவோ சமச்சீரான பெல்ட்டில் ஓடும் வேறு தயாரிப்பாகவோ இருக்கும். மைய தூரம், இரண்டு புல்லிகளின் வெளிவிட்டம், தாளில் வரைந்த பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆகியவற்றைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், அதற்குரிய பெல்ட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.